நாலாவது கெனால்

இன்னும் ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்தபடியே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் ஞானமுத்து சொன்னபோது, வலிக்குமா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றும். சண்பகவல்லிக்கு வேறொரு கேள்வி நாக்கு நுனியில் நின்றது. யார் மேல் தப்பு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் தபாலாபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, கோவில்பட்டியிலிருந்து காலை எட்டு மணி பஸ்ஸில் பாளையங்கோட்டை வரை வந்திருந்தாள். கோவில்பட்டியில் பல் டாக்டர்களுக்குக் குறைச்சல் இல்லை. அவர்களில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே பல்லுக்கு, இடதுபக்க மேல் கடைவாய்ப் பல்லுக்கு, ரூட் கெனால் செய்தவளும் அந்தத் தங்கை கோமதிதான். அது இப்போது கெட்டுப்போயிருந்தது. மூன்று மாதமாக எதை மென்றாலும் வலி. ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வருவதும், உடைந்து வாயெல்லாம் உப்புக் கரிப்பதும், நாலு நாள் கழித்து மறுபடி வருவதுமாக இருந்தது. அந்தக் கொப்புளத்தை நாக்கால் தடவும்போதெல்லாம் வலியோடு சேர்ந்து இன்னொன்றும் எழும். அதற்குப் பேர் வைக்க அவள் விரும்பியதில்லை; ஏறக்குறைய சந்தோஷம் மாதிரி இருக்கும். கோமு செய்த பல். கோமு கை பட்ட பல். அது கெட்டுப்போச்சு. "முன்னாடி யாரும்மா செஞ்சது?" என்று டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது, "ஊர்ல ஒரு டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். தங்கை என்று சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார், டாக்டருக்கு டாக்டர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த பதில் அது. அவர் தலையாட்டினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த புருவம், அவசரமே இல்லாத கை. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. பேச வேண்டாம். ஆமான்னா தலையை ஆட்டுங்க, இல்லைன்னா பக்கவாட்டுல லேசா அசைங்க. சரியா?" என்றார். சரி என்றாள். நாற்காலி நிமிரும் வரை அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை.

ஊசி ஈறுக்குள் போனது. முதலில் ஒரு சுருக்கு, பிறகு கன்னத்துக்குள் ஒரு குளிர் பரவி, உதடு தடித்து, மூக்கின் ஓரம் வரைக்கும் யாரோ மெழுகு ஊற்றிவிட்ட மாதிரி ஆனது. செல்வராணி என்ற அந்த உதவியாளப் பெண் பச்சை ரப்பர் விரிப்பு ஒன்றை வாய்க்கு மேல் இழுத்து மாட்டினாள். அந்த ஒரு பல் மட்டும் துளை வழியாக வெளியே தலை நீட்டி நிற்க, மற்றதெல்லாம் மூடிக்கொண்டது. இனி எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்குப் போகாது என்றாள் செல்வராணி. கோமுவும் இதைத்தான் மாட்டினாள், நீல நிறத்தில். "இதை மாட்டாம செய்யுறவங்க இருக்காங்கக்கா, ஆனா எச்சில் ஒரு துளி பட்டாலும் கிருமி உள்ள போயிரும், பின்னாடி பல்லு கெட்டுரும்" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செய்தாள். அன்றைக்கு அவளுடைய சொந்த கிளினிக்கின் ஐந்தாவது நாள். பெயிண்ட் வாசனை போகவில்லை. அதுவரை மதுரையில் யார் யார் கிளினிக்கிலோ சம்பளத்துக்கு இருந்தவள், சொந்த நாற்காலி போட்டதும் முதல் ரூட் கெனால் அக்காவுக்குத்தான் என்று ஆசையாகக் கூப்பிட்டாள். சண்பகம் போனாள். பல் நிஜமாகவே வலித்தது. அது ஒரு காரணம். போகாமல் இருந்தால் அம்மா கேட்பாள், அது இன்னொன்று. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தங்கையின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. சின்ன வயதில் பேன் பார்க்க மடியில் படுக்கவைத்தால் இதே முகம் கீழே கிடக்கும், சண்பகம் மேலே இருந்து பார்ப்பாள். இப்போது இடம் மாறிவிட்டது. தலைக்கு மேல் விளக்கு, விளக்குக்குக் கீழே தங்கை, தங்கைக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு அக்கா. "வலிக்காக்கா?" என்று கேட்டாள் கோமு. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் தாங்கவில்லை. ஒரு தடவையாவது கை பிசகி வலித்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

டிரில் ஓடத் தொடங்கியது. சத்தம் எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் சுற்றியது. பழைய அடைப்பைத் துருவி எடுக்கிறேன் என்றார் டாக்டர். துருவு, நல்லாத் துருவு, உள்ளே என்ன செய்துவைத்திருக்கிறாள் பார். தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் தபால் எடை போடும்போது, ஸ்பீடு போஸ்ட் ஒட்டும்போது, பாதிப் பேர் கேட்கிற கேள்வி ஒன்று: "நீங்க பல் டாக்டரம்மாவுக்கு அக்காதானே?" இருபது வருஷம் அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், அதுவரை அவள் சண்பகம் மேடம். புது ரோட்டில் கோமுவின் போர்டு ஏறிய ஆறே மாதத்தில் டாக்டரம்மா அக்கா ஆகிவிட்டாள். ஒருத்தர் கவுண்டரிலேயே வாயைத் திறந்து சொத்தைப் பல்லைக் காட்டி, "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சிரிப்பை இறக்கிவைக்க இடம் தெரியாமல், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பொறாமையா? சே. தங்கை மேல் யாருக்காவது பொறாமை வருமா? கோமுவுக்குக் காய்ச்சல் என்றால் தூக்கம் வராது. கோமுவின் கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை செய்ததில் காலில் நரம்பு சுருண்டுகொண்டது. அதெல்லாம் பொய்யா? பொய்யில்லை. அதுவும் நிஜம், இதுவும் நிஜம். இரண்டும் ஒரே பல்லின் இரண்டு வேர் மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. ஒன்றைச் சுத்தம் செய்ததால் மற்றது சுத்தமாகிவிடவில்லை. எங்கிருந்து தொடங்கியது என்று தேடினால் எப்போதும் ஒரே ஒரு சொல்லில் போய் இடறும். அது அம்மா சொன்னது. பிளஸ் டூ முடித்ததும் சண்பகத்துக்கு மெடிக்கல் அரை மார்க்கில் போனது. பல் மருத்துவம் கிடைக்கும் என்று டீச்சர் வீடு வரை வந்து சொன்னார். அப்பா, பொம்பளைப் பிள்ளையை மெட்ராஸ் வரைக்கும் அனுப்ப முடியாது, இங்கேயே காலேஜில் பி.எஸ்ஸி. சேரட்டும் என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து கோமுவுக்கு அதே பேச்சு வந்தபோது அப்பா அதே மாதிரிதான் தொடங்கினார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "இவளையாவது படிக்க வைப்போம்" என்றாள். இவளையாவது. அந்த 'ஆவது' இருக்கிறதே, அது சண்பகத்தின் நெஞ்சில் அன்றைக்குக் குத்தி உட்கார்ந்தது. அம்மா அதை வருத்தத்தில் சொன்னாள், மூத்தவளுக்குச் செய்யாமல் விட்டோமே என்ற வருத்தத்தில். அது புரியாமல் இல்லை. புரிந்த பிறகும் குத்துவது நிற்கவில்லை. எனக்கு ஏன் கரண்டியோடு வந்து நிற்கவில்லை?

யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறியது. கன்னம் செத்துக் கிடந்தாலும் மூக்கு உயிரோடுதான் இருந்தது. "பழைய ரப்பர் மாதிரி ஒண்ணு உள்ள அடைச்சிருப்பாங்க, அதைக் கரைச்சு எடுக்கேன்" என்றார் டாக்டர். ஊசி போன்ற கம்பிகளில் ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் வந்தன. செல்வராணி அவற்றைப் பஞ்சில் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தங்கை உள்ளே வைத்தது, ஒவ்வொரு துணுக்காக வெளியே வருகிறது. டாக்டர் நிறுத்தினார். கண்ணுக்கு மேலிருந்த பெரிய பூதக்கண்ணாடிக் கருவியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தார், மறுபடி பல்லைப் பார்த்தார். இதோ, இதோ சொல்லப் போகிறார். சண்பகம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ தெரியல, நல்ல கை" என்றார் அவர் செல்வராணியிடம். "பாரு, வேருக்குள்ள மூணு கெனாலும் கடைசி நுனி வரைக்கும் அடைச்சிருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்த வளைஞ்ச வேர்ல கம்பியை ஒடிக்காமப் போறதே பெரிய விஷயம்." செல்வராணி எட்டிப் பார்த்து, "ஆமா சார், அழகா இருக்கு" என்றாள். அழகா இருக்கு! அக்காவின் வாய்க்குள் சீழ் பிடித்துக் கிடக்கிறது, அதற்குள்ளும் தங்கையின் வேலை அழகாக இருக்கிறது. எங்கே போனாலும் இதுதான். முப்பத்தைந்து மைல் தள்ளி, பேர் சொல்லாமல், ஊர் சொல்லாமல் வந்தாலும் அவளைப் பாராட்டத்தான் ஆள் இருக்கிறது. கண்ணோரம் ஈரமாகி, காதை நோக்கி வழிந்தது. "வலிக்குதாம்மா?" என்று டாக்டர் பதறினார். லேசாக அசைத்தாள், இல்லை. வீட்டில் யாழினியும் இப்படித்தான் கோமுவைப் புகழ்வாள். சண்பகத்தின் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சித்தி கிளினிக்கில்தான் கிடை. "சித்தி ஒரு பாட்டிக்குப் பல்லு கட்டினாங்கம்மா, அவங்க கண்ணாடி பாத்து அழுதுட்டாங்க. சித்தி கை மாதிரி வராதும்மா." அவளுடைய நோட்டில் முதல் பக்கத்தில் பல்லின் படம் ஒன்று வரைந்து பாகம் குறித்திருந்தாள். சண்பகம் ஒருநாள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். எந்தத் தாய்க்குக் கசக்கும்? கசந்தது. தபாலாபீசுக்கு ஒருநாள் கூட யாழினி வந்து உட்கார்ந்ததில்லை. பேச்சில், தலையைச் சாய்த்துச் சிரிப்பதில், கோபத்தில் முகத்தைத் திருப்புவதில்கூடக் கோமு வந்துவிட்டாள். பெற்றது இவள், அச்சு அவளுடையது. அப்பாவுடைய சம்மதம், அம்மாவுடைய கரண்டி, ஊர் கூப்பிடுகிற பேர் எல்லாம் எடுத்தாயிற்று, இதையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா? யோசித்ததும் அந்த 'ஆவது' தன் நினைப்பிலேயே வந்து விழுந்ததைக் கவனித்தாள். வெட்கமாக இருந்தது.

"இப்ப ஒண்ணு பாக்கணும். பல்லுல கீறல் விட்டிருக்கான்னு" என்றார் டாக்டர். "கீறல் வேர் வரைக்கும் போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. எடுத்துர வேண்டியதுதான்." நீல மையைத் தடவிக் கழுவினார். அவர் அந்தக் கருவியின் வழியே குனிந்து பார்த்த அந்த இரண்டு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. எடுத்துவிட்டால்? வாயில் ஓட்டை. சிரித்தால் தெரியாது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் நாக்கு போகும். நாக்கு எப்போதும் இல்லாத இடத்துக்குத்தான் போகும். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பல்லும் இல்லை. சாதத்தைக் கஞ்சியாக்கிக் கொடுத்தாலும் கன்னம் உள்ளே போய், யாரோ வேற்றாள் மாதிரி இருந்தார். அவள் வலது கையால் நாற்காலியின் பிடியை இறுக்கினாள். அந்தப் பயத்திலும் மனசு சும்மா இருக்கவில்லை. எடுக்க வேண்டி வந்தால் ஊருக்கே தெரியும், கோமு செய்த பல் பிடுங்கும்படி ஆகிவிட்டது என்று அம்மா வாயாலேயே சொல்ல வேண்டி வரும் என்று ஒரு மூலை கணக்குப் போட்டது. ஒரு பல்லைக் கொடுத்து அதை வாங்கலாமா? வாங்கலாம் போலத்தான் இருந்தது. தன் மனசா இது என்று அவளுக்கே திக்கென்றது. "கீறல் இல்ல. கர்த்தர் புண்ணியம்" என்றார் டாக்டர். உடம்பு தளர்ந்தது. தளர்ந்த உடம்புக்குள் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. இருந்தது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு வெகுநேரம் பேச்சில்லை. கம்பி போவதும் வருவதும், கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் வருகிற வாடையோடு ஏதோ திரவம் பீச்சுவதும், செல்வராணியின் குழாய் அதை உறிஞ்சுவதும்தான். கம்பியோடு சேர்ந்த ஒரு சின்ன இயந்திரம், ஆழம் போகப்போக பிப்… பிப்… என்று தொடங்கி, நுனி நெருங்க நெருங்க பிப்பிப்பிப் என்று வேகம் பிடித்தது. தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. அந்தச் சத்தத்தில் கோமு பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஓடி வருகிறாள், சண்பகம் கோட்டுக்கு அப்பால் நின்று கை தட்டுகிறாள், தட்டிக்கொண்டே விழுந்துவிடு விழுந்துவிடு என்று உள்ளே சொல்கிறாள். கோமு விழவில்லை. "ஆ!" என்றார் டாக்டர் திடீரென்று. கண்ணைத் திறந்தாள். "செல்வராணி, அந்தச் சின்னக் கம்பியை எடு. ஆறாம் நம்பர்." குனிந்தார். கம்பி எங்கோ புதிதாகச் சிக்கிக்கொண்டு நின்றது. இயந்திரம் மெதுவாகப் பிப் என்றது. அவர் முகம் மலர்ந்தது. "அகப்பட்டான்! நாலாவது கெனால். மேல் கடைவாயில பாதிக்கு மேல நாலு இருக்கும்மா, ஆனா நாலாவது தலைமுடி மாதிரி, ஒரு மடிப்புக்குப் பின்னால ஒளிஞ்சு கிடக்கும். இதை யாரும் தொடவே இல்ல. உள்ள பழைய சதை அழுகி, கிருமி அங்கேயே குடியிருந்திருக்கு." விட்டுவிட்டாள். விட்டு-விட்டாள்! சண்பகத்தின் நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து குதித்தது. மரத்துப்போன உதட்டில் சிரிப்பு வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நல்ல கை என்றாயே, அழகாக இருக்கிறது என்றாயே, பார், விட்டுவிட்டாள். இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக வந்தது. அம்மாவிடம் முதலில். "நாலு இருந்துச்சாம்மா, உன் மகளுக்கு மூணுதான் தெரிஞ்சிருக்கு." இல்லை, அது ரொம்பக் கூர்மை, சாதாரணமாக, சாப்பாட்டுக்கு நடுவில் சொல்வது போல. யாழினி காதில் விழும்படி. "இது அவங்க தப்புன்னும் சொல்ல முடியாது" என்று டாக்டர் தொடர்ந்தார். "இந்த மாதிரிக் கருவி இல்லாம இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். நானே எத்தனை விட்டிருக்கேன், வயசான காலத்துல யோசிச்சா வெக்கமா இருக்கும்." அந்த வரியைச் சண்பகம் கேட்கவில்லை. கேட்டது, எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆனா" என்றார் அவர். சண்பகம் அந்த 'ஆனா'வை எதிர்பார்க்கவில்லை. "இது மட்டும் காரணமா இருக்காது. மேல அடைச்சது ஒரு ஓரம் உடைஞ்சு ரொம்ப நாளா எச்சில் உள்ள இறங்கியிருக்கு. பாரு செல்வராணி, கறுப்பா. வேர் எவ்வளவு சுத்தமா செஞ்சாலும் மேல மூடி சரியில்லைன்னா மழைக்குக் கூரை இல்லாத வீடுதான்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பல்லுக்கு மேல மூடி மாதிரி கேப் போடவே இல்லையாம்மா? ரூட் கெனால் முடிஞ்சதும் கேப் போடணும்னு அந்த டாக்டர் சொல்லலையா?" விளக்கு கண்ணில் அடித்தது. வாய் பச்சை ரப்பருக்குள் இருந்தது. ஆமா என்றால் தலையை ஆட்ட வேண்டும், இல்லை என்றால் லேசாக அசைக்க வேண்டும். அவள் அசைத்தாள். இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. டாக்டரின் புருவம் சுருங்கியது. "சே" என்றார். "இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சுட்டு, அதைச் சொல்லாம விட்டுருக்காங்களே. அது தப்புதான். கெனால் விட்டதை மன்னிக்கலாம். இது கவனக்குறைவு." தப்புதான். அந்தச் சொல்லைக் கேட்கத்தானே வந்தாள்? கிடைத்துவிட்டது, பெரிய டாக்டர் வாயாலேயே. பிறகு ஏன் அது இனிக்கவில்லை? கோமு சொன்னாள். கடைசி நாள் நாற்காலியை நிமிர்த்தியதும் சொன்னாள், "பத்து நாள்ல வாக்கா, கேப்புக்கு அளவு எடுக்கணும், அது வரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாத." போனில் சொன்னாள். மூன்றாவது தடவை தபாலாபீசுக்கே வந்து, கவுண்டரில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஜன்னல் வழியாக, "டாக்டர் வந்திருக்கேன், பேஷண்ட் எங்க?" என்று சிரித்தாள். வரிசையே சிரித்தது. சண்பகத்துக்கு முகம் எரிந்தது. "நான் இங்க பக்கத்துலயே ஒரு இடத்துல போட்டாச்சுட்டி, போ" என்றாள் அந்த நிமிஷம். பொய். எங்கேயும் போகவில்லை. கோமுவின் முகம் ஒரு கணம் விழுந்தது. அந்த விழுந்த முகம் அன்றைக்கு முழுக்க இனித்தது. அந்த நாற்காலியில் மறுபடி படுக்கக் கூடாது, அந்த முகத்தைத் தலைகீழாக இன்னொரு தடவை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். பிறகு பல் வலிக்காததால் மறந்தே போனது. இரண்டு வருஷம் கழித்து அரிசி முறுக்கில் ஓரம் உடைந்தபோதும் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அம்மாவிடம் போனில், "கோமு செஞ்ச பல்லுதான் கெட்டுப்போச்சு" என்றாள். அன்றே கோமு கூப்பிட்டாள். "வாக்கா, என்னன்னு நான் பாக்கேன். வேற யாருகிட்டயும் காட்ட வேண்டாம்." "உன்னால முடியாததை இன்னொருத்தர் பாக்கட்டும்" என்று போனை வைத்தாள். மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. அதையும் இத்தனை நாள் ருசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சுண்ணாம்பு மாதிரி ஒரு மருந்தை உள்ளே வைத்து, மேலே இறுக அடைத்து, பச்சை ரப்பரை எடுத்தார்கள். தாடை மூடிக்கொள்ள மறுத்தது. நாற்காலி நிமிர்ந்தபோது உலகம் ஒரு சுற்று சுற்றி நின்றது. "ரெண்டு வாரம் கிருமி சாகட்டும். அப்புறம் வந்து முடிச்சுரலாம். பல்லு நிக்கும்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். "அந்த டாக்டர் பேரைச் சொல்லுங்க. ஒரு லெட்டர் எழுதித் தாரேன், கொண்டு போய்க் குடுத்துருங்க. திட்டுறதுக்கு இல்ல. ஆனா கேப் போடணும்னு நோயாளிகிட்ட சொல்லணும்ல, நாளைக்கு இன்னொருத்தருக்கும் இப்படி ஆகக் கூடாது." பேனா காத்திருந்தது. இதைவிட நல்ல தாள் உலகத்தில் இல்லை. தலைப்பில் பட்டம், அடியில் கையெழுத்து. மடித்துப் பையில் வைத்தால், கோமு உறையைப் பிரித்துப் படிக்கும்போது எதிரில் நின்று பார்க்கலாம். கோமு நிமிர்ந்து பார்ப்பாள். நான் சொன்னேனே அக்கா என்பாள். அதற்கு யார் சாட்சி? அம்மா வருவாள், அம்மா யாரை நம்புவாள்? இந்தத் தடவை மூத்தவளைத்தான், தாள் இருக்கிறதே. கோமு அழுவாள். எத்தனை வருஷமாயிற்று அவள் அழுது. சண்பகம் வாயைத் திறந்தாள். தடித்த உதட்டில் 'கோ' என்ற எழுத்து சரியாக வரவில்லை, காற்றாக வந்தது. "பேர் சொல்லுங்கம்மா, மெதுவா" என்றார் அவர். அவர் குரலில் இருந்த இரக்கம் அவளைப் பிசைந்தது. இவர் இந்த இரக்கத்தைத் தவறான ஆளிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். "சொன்னா" என்றாள். "என்னம்மா?" "கேப் போடணும்னு சொன்னா. மூணு தடவை. ஆபீசுக்கே வந்து சொன்னா. நான்தான் போடல. போட்டாச்சுன்னு பொய் சொன்னேன்." எச்சில் ஓரமாக வழிய, செல்வராணி டிஷ்யூ எடுத்து நீட்டினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவ என் தங்கச்சி சார்" என்றாள் சண்பகம். எக்ஸ்ரேயை இன்னொரு தடவை பார்த்தபடி அவர், "அவ்வளவு அருமையா வேலை செஞ்சவங்க அதைச் சொல்லாம இருந்திருக்க மாட்டாங்கன்னு எனக்கும் தோணுச்சு" என்று சொல்லிவிட்டு, தாளில் வேறு எதையோ எழுத ஆரம்பித்தார். அந்தப் பாராட்டு மறுபடி குத்தியது. குத்தத்தான் செய்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யார் சொன்னது?

கீழே இறங்கி, மருந்துக்கடை வாசலில் நிழலாகப் பார்த்து நின்று போனை எடுத்தாள். இப்போது கூப்பிடாவிட்டால் பஸ் ஏறுவதற்குள் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். முதல் மணியிலேயே கோமு எடுத்தாள். "அக்கா? எங்க இருக்க? அத்தான் உனக்கு ஆபீஸ் வேலைன்னாங்க." "பாளையங்கோட்டை. பல்லு பாத்தேன்." கோமு சின்னக் குரலில், "நாலாவது கெனாலாக்கா? விட்டுட்டேனா? நான் உன் பழைய எக்ஸ்ரேயை எடுத்துத் தினம் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த முன் வேர்ல ஒரு நிழல் இருக்கு. அன்னைக்கு எனக்குத் தெரியலக்கா. சத்தியமாத் தெரியல." தினம் பார்த்திருக்கிறாள். மூன்று மாதமாக. இங்கே நிறுத்தினால் போதும். ஆமா, அதுதான் என்று ஒரு வார்த்தை. ஆயுசுக்கும் தங்கை தலை குனிந்து நிற்பாள். மரத்துப்போன கன்னத்துக்குள் எங்கோ முதல் வலி கண் விழித்தது. "அது இருந்துச்சு" என்றாள் சண்பகம். "ஆனா அது மட்டும் இல்லட்டி. நான் கேப் போடல. எங்கேயும் போடல. உன்கிட்டப் பொய் சொன்னேன்." பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் வந்த கோமுவின் குரல் டாக்டரம்மா குரல் இல்லை. "அஞ்சு வருஷமா? நான் இங்க தூக்கம் இல்லாம என் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன், நீ… ஏன்க்கா? நான் உன்னை என்ன செஞ்சேன்?" ஒன்றும் செய்யவில்லை. அதுதானே கஷ்டம். ஒன்று செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். வேலை இருந்தது என்று சொல்லலாம், பயம் என்று சொல்லலாம், நல்ல நல்ல காரணங்கள் வரிசையில் நின்றன. "பொறாமைட்டி" என்றாள். பாதி உதட்டில் அந்தச் சொல் கோணிக்கொண்டு வெளியே வந்தது. தன் குரலில் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. மறுமுனையில் அழுகிறாளா, போனை வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. காதில் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "மறுபடி எப்ப வரச் சொன்னார்?" "ரெண்டு வாரம் கழிச்சு. புதன்கிழமை." "நானும் வாரேன். உன்மேல கோவம் போகல, போகவும் போகாது. ஆனா அந்தக் கெனால் எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு நான் என் கண்ணால பாக்கணும். அவர் அந்தக் கருவியில காட்டுவாரா, கேட்டுச் சொல்லு." இத்தனைக்கு நடுவிலும் அவளுக்குப் படிப்புதான். அக்காவின் அழுகின வேருக்குள்ளும் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒன்று இருக்கிறது, இனி யாருக்கும் அதை விடமாட்டாள், இன்னும் கெட்டிக்காரியாவாள். சண்பகத்துக்குள் பழையது சுருக்கென்று தலை தூக்கியது. போகவில்லை, எங்கேயும் போகவில்லை. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே, "காட்டுவார், நல்ல மனுஷன்" என்றாள். "உன் வேலையைப் பாத்து நல்ல கைன்னு சொன்னார்." "நிஜமாவாக்கா?" என்றாள் கோமு. "நிஜமாத்தான்" என்று சொல்லிவிட்டு, விழித்துக்கொண்டு வரும் கன்னத்தை உள்ளங்கையால் தாங்கியபடி சண்பகம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.